கசகசாச் செடியின் பாலும் கம்பெனியின் கணக்கும்

வளைகுடாவுக்கு முதல்முறை வேலைக்குப் போகிறவரின் பெட்டியைக் கட்டும்போது ஊரில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார்: "மசாலாப் பொடி எல்லாம் வை, கசகசா மட்டும் வேண்டாம்ப்பா, பிடித்து உள்ளே போட்டுவிடுவான்." விளையாட்டுப் பேச்சு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே, அந்தப் பொடிமணிதான் அபின் செடியின் விதை. விதையில் போதை இல்லை என்றே சொல்லலாம். அந்த விதைகளைப் பொதிந்து வைத்திருக்கும் பச்சைக் காயில்தான் இருக்கிறது. காய் முற்றுவதற்கு முன் அதன் தோலில் மெல்லக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் காற்றுப்பட்டு பழுப்பாக இறுகினால் அபின்.

இந்தப் பாலை வைத்து இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் கஜானாவை நிரப்பியது, சீனப் பேரரசைப் போரில் மண்டியிட வைத்தது. ஆனாலும் "நாங்கள் கடத்தல் செய்யவில்லை" என்று கடைசி வரை சொல்லவும் முடிந்தது. எப்படிச் சொல்ல முடிந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடிபட வேண்டிய இடம். அது புரிந்துவிட்டால் அபின் போர் என்று பள்ளியில் படித்த இரண்டு வரி தானாக விளங்கிவிடும்.

தேநீரில் தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குத் தேநீர்ப் பழக்கம் தொற்றியது. 1784இல் பிரிட்டிஷ் அரசு தேயிலை மீதான வரியை 100 சதவீதத்துக்கும் மேலிருந்து 12.5 சதவீதத்துக்குக் குறைத்ததும் இறக்குமதி எகிறியது. அசாமில் அப்போது தேயிலைத் தோட்டம் கிடையாது, நீலகிரியிலும் இலங்கையிலும் கிடையாது. விற்றது சீனா மட்டும்தான். சீனாவுக்குப் பதிலுக்கு என்ன வேண்டும்? வெள்ளி. வேறு எதிலும் பெரிய ஆர்வம் இல்லை. 1793இல் பிரிட்டிஷ் மன்னரின் தூதராக மெக்கார்ட்னி பிரபு கப்பல் நிறையப் பரிசுகளோடு பெய்ஜிங் போய், வணிகத்தைத் திறந்துவிடும்படி கேட்டார். உங்கள் பொருள்கள் எங்களுக்குத் தேவைப்படவில்லை என்ற பொருளில் சியன்லோங் பேரரசர் மன்னருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடையில் ஒரு சாமான் தினமும் வாங்கியே ஆக வேண்டும். கடைக்காரரோ ரொக்கம் மட்டும்தான் வாங்குவார். கையில் ரொக்கம் கரைந்துகொண்டே போகிறது. அப்போது வேறு வழி என்ன? கடைக்காரர் வீட்டில் யாருக்காவது ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து, அந்தச் சரக்கை நீங்களே விற்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி செய்தது ஏறக்குறைய அதுதான். சீனாவில் அபின் புகைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. கம்பெனி அதை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்குத் தீனி போடும் நிலம் இப்போது கம்பெனியின் கையில் இருந்தது: வங்காளமும் பீகாரும்.

கங்கைக் கரைப் பண்ணை

1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் குத்தகைக்காரர்களை ஒதுக்கிவிட்டு கம்பெனியே நேரடியாக இறங்கியது. பாட்னாவிலும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரிலும் இரண்டு பெரிய தொழிற்சாலைகள். காசிப்பூர் தொழிற்சாலை 1820இல் வந்தது. சுற்றியிருந்த மாவட்டங்களில் யார், எத்தனை நிலத்தில் அபின் செடி போட வேண்டும் என்பதை உரிமச் சீட்டு தீர்மானித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வலைக்குள் இருந்த உழவர் குடும்பங்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

வலை என்று சொன்னது சும்மா இல்லை. விதைப்புக்கு முன் கம்பெனி வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பயிர் வைக்கிற பருவத்தில் கையில் காசு என்பது எந்த உழவருக்கும் பெரிய விஷயம். நில வரி கட்ட வேண்டும், அதுவும் பணமாக. முன்பணத்தை வாங்கிவிட்டால் அபின் பாலை வேறு யாருக்கும் விற்க முடியாது. விலையைக் கம்பெனியே நிர்ணயிக்கும், சந்தை விலையோடு அதற்கு உறவு கிடையாது. பல சமயம் கூலியும் தண்ணீரும் எருவும் கணக்குப் பார்த்தால் செலவுக்கே கட்டாது. விளைச்சல் குறைந்தால் வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும், அடுத்த ஆண்டும் அதே செடியைப் போட வேண்டும். நடுவில் ஊர்ப் பெரியதனக்காரர், எடை போடுகிறவர், தரம் பார்க்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு.

வேலையும் லேசுப்பட்டதல்ல. நவம்பர் வாக்கில் விதைப்பு. பிப்ரவரி, மார்ச்சில் காய் பருவத்துக்கு வந்ததும் பிற்பகலில் வீட்டில் உள்ள எல்லோரும் வயலில் இறங்கி ஒவ்வொரு காயாகக் கீற வேண்டும். இரவு முழுக்கப் பால் கசியும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே காயை நாள்விட்டு நாள் பலமுறை கீறுவார்கள். உதிரும் பூவிதழ்களையும் விடுவதில்லை. அவற்றைச் சட்டியில் சூடேற்றி அழுத்தி ரொட்டி மாதிரித் தட்டையாக்குவார்கள், அதுவும் தொழிற்சாலைக்குப் போகும்.

எதற்கு? அபின் உருண்டையைச் சுற்றிப் பொதிய. தொழிற்சாலையில் அபினைத் தேங்காய் அளவுக்கு உருட்டி, தரம் குறைந்த அபின் பசையைத் தடவி, இந்த இதழ் ரொட்டிகளை அடுக்கடுக்காக ஒட்டி ஓடு மாதிரி ஆக்குவார்கள். பிறகு மாதக்கணக்கில் காயப்போட வேண்டும். 1850 வாக்கில் பாட்னா தொழிற்சாலையை ஷெர்வில் என்ற ராணுவ அதிகாரி வரைந்த படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை ஒருமுறை பார்த்தால் மறக்காது. கோயில் மண்டபம் போல உயர்ந்த கூடம். தரையிலிருந்து கூரை வரை அடுக்குத் தட்டுகள், தட்டெல்லாம் உருண்டைகள். அந்தத் தட்டுகளில் எறும்பு மாதிரி ஏறி நிற்பவர்கள் சிறுவர்கள். உருண்டைகளைப் புரட்டிப்போடுவதும் பூச்சி அண்டாமல் துடைப்பதும் அவர்கள் வேலை.

ஒரு பெட்டிக்கு 40 உருண்டை, எடை ஏறத்தாழ 60 முதல் 70 கிலோ. பெட்டியில் கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரைக்கு சீனக் கடற்கரையில் அப்படியொரு மதிப்பு. கலப்படம் இருக்காது என்று திறந்து பார்க்காமலே வாங்குவார்கள்.

கை கழுவும் கலை

இனிதான் அந்தச் சாமர்த்தியம். சீனாவில் அபின் விற்பனைக்கு 1729இலேயே தடை வந்துவிட்டது. பிறகு வந்த பேரரசர்கள் அந்தத் தடையை இன்னும் இறுக்கினார்கள். கம்பெனி தன் கப்பலில் அபினை ஏற்றிப் போய்ப் பிடிபட்டால் தேயிலை வாங்கும் உரிமையே போய்விடும். அதனால் கம்பெனி என்ன செய்தது என்றால், பெட்டிகளைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. அவ்வளவுதான். ஏலம் முடிந்ததும் சரக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை. வாங்கிய தனி வணிகர்கள் எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது அவர்கள் பாடு. கம்பெனியின் சொந்தத் தேயிலைக் கப்பல்களில் அபின் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவே இருந்தது.

தனி வணிகர்களும் கான்டன் துறைமுகத்துக்குள் அபினைக் கொண்டுபோகவில்லை. முத்து நதியின் முகத்துவாரத்தில் லிந்தின் என்றொரு தீவு. அங்கே பழைய கப்பல்களை மிதக்கும் கிடங்குகளாக நிறுத்திவைத்தார்கள். சீன வியாபாரி கான்டனில் வெள்ளியைக் கொடுத்துச் சீட்டு வாங்குவார். அந்தச் சீட்டோடு அவருடைய ஆட்கள் இரவில் லிந்தினுக்குப் போய்ச் சரக்கை இறக்கிக்கொள்வார்கள். இரு பக்கமும் வரிசையாகத் துடுப்பு போடும் அந்தப் படகுகளுக்கு ‘வேக நண்டு’ என்று பெயர். சுங்க அதிகாரிகளுக்கு உரிய மாமூல் போய்விடும்.

வணிகரின் கையில் இப்போது மூட்டை மூட்டையாக வெள்ளி. கடல் வழியே கொண்டுபோனால் கொள்ளை பயம், புயல் பயம். அவர் அதைக் கான்டனில் இருந்த கம்பெனியின் கருவூலத்தில் கட்டிவிட்டு, லண்டனில் பணமாக மாற்றிக்கொள்ளும் உண்டியல் சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்வார். கம்பெனி அந்த வெள்ளியை எடுத்துத் தேயிலை வாங்கும். இங்கிலாந்திலிருந்து புதிதாக வெள்ளி வரத் தேவையில்லை. சீனாவின் வெள்ளியிலேயே சீனாவின் தேயிலை.

ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். உழவர் விளைவித்தார், அது உரிமம் பெற்ற பயிர். கம்பெனி ஏலம் விட்டது, அது தன் ஆட்சிக்குட்பட்ட ஊரில் சட்டப்படி நடந்த ஏலம். வணிகர் ஒரு தீவருகே கப்பலை நிறுத்தினார். சுங்க அதிகாரி எதையும் பார்க்கவில்லை. கருவூலத்தில் வெள்ளியை வாங்கினார்கள், வெள்ளிக்கு வாசனை ஏது? யாரைக் கேட்டாலும் "நான் இல்லை" என்று சொல்லலாம், அதில் பொய்யும் பெரிதாக இருக்காது.

இதில் பாதிரிமாரும் உண்டு. 1832இல் ஜார்டின் மாத்திசன் என்ற தனி வணிகக் கம்பெனியின் அபின் கப்பல் ஒன்றில் சீனக் கடற்கரையோரம் மொழிபெயர்ப்பாளராகப் போனவர் கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானிய மிஷனரி. கப்பலின் ஒரு பக்கம் அபின் இறங்கும், இன்னொரு பக்கம் அவர் கிறிஸ்தவப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சரக்கின் அளவும் ஏறிக்கொண்டே போனது. 1800 வாக்கில் ஆண்டுக்கு நான்காயிரத்தைச் சுற்றியிருந்த பெட்டிகள், 1830களின் கடைசியில் நாற்பதாயிரத்தை எட்டிவிட்டன. சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1834இல் முடிந்ததும் போட்டி கூடி, நிலைமை கட்டுமீறிப் போனது.

லின் கேட்ட கணக்கு

சீனாவில் வலி இரண்டு விதமாக வந்தது. புகைத்துச் சீரழிந்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது வலி வெள்ளியால் வந்தது, புகைக்காதவனையும் அது விடவில்லை. உழவர் தானியம் விற்றுக் கையில் பார்ப்பது செப்புக் காசு. வரி கணக்கிடுவதோ வெள்ளியில். வெள்ளி நாட்டைவிட்டு வெளியேற வெளியேற அதன் விலை ஏறியது. ஆயிரம் செப்புக் காசுக்குக் கிடைத்த ஒரு லியாங் (சீன எடை அளவு) வெள்ளிக்கு 1838 வாக்கில் 1,600 காசு கொடுக்க வேண்டியிருந்தது. வரி உயரவே இல்லை, ஆனால் கட்டுகிறவனுக்கு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

அரசவையில் ஒரு தரப்பு, அபினைச் சட்டபூர்வமாக்கி வரி போட்டுவிடலாம் என்று 1836இல் யோசனை சொன்னது. பேரரசர் கடைசியில் மறுபக்கம் சாய்ந்தார். லின் ட்சேசூ என்ற நேர்மையான அதிகாரியை முழு அதிகாரம் கொடுத்து கான்டனுக்கு அனுப்பினார். 1839 மார்ச்சில் வந்து இறங்கிய லின், அந்நிய வணிகர்களை அவர்களுடைய பண்டகசாலைகளுக்குள்ளேயே அடைத்து வைத்துச் சரக்கைக் கேட்டார். பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட், நஷ்டத்தை அரசு ஈடுகட்டும் என்று வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்து 20,283 பெட்டிகளை வாங்கி ஒப்படைத்தார். ஜூன் மாதம் ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டி, உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட அபினைக் கரைத்துக் கடலில் விட்டார் லின். அழித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. இந்த அழுக்கைக் கொட்டுவதற்குக் கடல் தெய்வத்திடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுப் பூசையும் செய்தார்.

எலியட் கொடுத்த வாக்கில்தான் விஷயம் திரும்பியது. அதுவரை தனி ஆட்களின் கடத்தல் சரக்காக இருந்தது, அந்த ஒரு வாக்கில் பிரிட்டிஷ் அரசின் சொத்தாகிவிட்டது. அரசின் சொத்தை அழித்தவன் மேல் போர் தொடுக்கலாம் அல்லவா? எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் பிரதமரான இளம் கிளாட்ஸ்டன் நாடாளுமன்றத்தில் இதை அநியாயமான போர் என்று கடுமையாகப் பேசினார். 1840 ஏப்ரல் வாக்கெடுப்பில் 271க்கு 262 என்று ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் அரசு தப்பித்தது.

போரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட ஒன்றும் இல்லாத பங்கு. சீனாவுக்குப் போன படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் கணிசமாக இருந்தார்கள். 1841 மே மாதக் கடைசியில் கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில் 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு, சுமார் அறுபது பேர், கொட்டும் மழையில் வழி தவறிவிட்டது. சுற்றிலும் ஈட்டியும் கம்புமாக ஊர்மக்கள். சிப்பாய்களின் பழைய துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்கவில்லை. நெருக்கிச் சதுரமாக நின்று சமாளித்தவர்களைப் புதுரகத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் இரவில் வந்து மீட்டார்கள். சீனப் பாடப்புத்தகங்களில் சான்யுவான்லி ஒரு வீரக்கதை. அந்தக் கதையில் எதிரியாக நின்ற அறுபது பேர் எந்த ஊர்க்காரர்கள், யாருடைய சண்டைக்கு எங்கே போய் நின்றார்கள் என்பதை நம் பாடப்புத்தகம் சொல்லிக் கேட்டதில்லை.

1842 ஆகஸ்ட் 29இல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் பிரிட்டனுக்கு. ஐந்து துறைமுகங்கள் திறப்பு. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் இழப்பீடு, அதில் 60 லட்சம் லின் கரைத்த அபினுக்கு. அபின் வணிகத்தைச் சட்டபூர்வமாக்க ஒரு வரிகூட அதில் இல்லை. அது இரண்டாவது அபின் போரின்போது, 1858இல் நடந்தது. பிறகு சீனாவே உள்நாட்டில் பயிரிடத் தொடங்கி, நூற்றாண்டின் கடைசியில் இறக்குமதியை மிஞ்சிவிட்டது.

யாருக்கெல்லாம் லாபம்?

பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு நில வரிக்கு அடுத்தபடி பெரிய வருவாய்களில் ஒன்று அபின். சில காலம் மொத்த வருவாயில் ஆறில், ஏழில் ஒரு பங்கு. அரசே சரக்கு விற்றுக் கஜானாவை நிரப்புவது எப்படி என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அபின் புகைத்தவர்கள் அடுத்த நாட்டுக்காரர்கள் என்பதால் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து இங்கே மறியல் செய்ய வழியில்லை, அவ்வளவுதான்.

வெள்ளையர் மட்டும் சம்பாதிக்கவில்லை. மத்திய இந்தியாவின் மால்வா சமஸ்தானங்களில் விளைந்த அபின் பம்பாய் வழியே போனது. அதில் பார்சி, குஜராத்தி, மார்வாரி, பாக்தாத் யூத வணிகர்கள் பெரும்பணம் பார்த்தார்கள். பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனைக்கும் கலைப்பள்ளிக்கும் பெயர் கொடுத்த ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், வில்லியம் ஜார்டினின் கூட்டாளி. அமெரிக்கர்களும் துருக்கி அபினைக் கொண்டுவந்து விற்றார்கள். அப்படிச் சம்பாதித்த வாரன் டெலானோவின் பேரன்தான் பிற்காலத்தில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1881இல் இருபது வயது ரவீந்திரநாத் தாகூர் இந்த வியாபாரத்தைச் சீனாவில் நடக்கும் மரண வணிகம் என்று சாடி வங்க மொழியில் கட்டுரை எழுதினார். அவருடைய தாத்தா துவாரகநாத் தாகூரின் கம்பெனிக்கு அபின் கப்பல் இருந்தது.

தென்கிழக்கு ஆசியாவில் கதை இன்னும் பச்சையாக நடந்தது. சிங்கப்பூரில் அபின் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. 19ஆம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழ பாதி அதிலிருந்துதான். வாங்கியவர்கள் சீனக் கூலிகள். தகரச் சுரங்கத்திலும் மிளகுத் தோட்டத்திலும் முதுகு ஒடிந்தவர்கள் புகைப்பதற்காகப் பதப்படுத்திய அபினான ‘சண்டு’ புகைத்து வலியை மறந்தார்கள், கூலி வந்த வழியே திரும்பிப் போனது. மலாயா ரப்பர் தோட்டத்தில் தமிழருக்கு அந்த வேலையைக் கள்ளுக்கடை செய்தது.

கதைகளில் அபின்

வரலாற்றுப் புனைகதைக்கு வருவோம். விக்டோரியா காலத்து ஆங்கில வாசகனுக்கு அபின் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது லண்டன் கிழக்குப் பகுதியின் இருட்டறை. டிக்கன்ஸ் முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாவல் (1870) அப்படி ஓர் அறையில் தொடங்குகிறது. 1891இல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையும் அப்படித்தான். புகை, பாய், பாதி மூடிய கண்கள், கிழக்கிலிருந்து வந்த மர்ம மனிதர்கள். உற்றுப் பாருங்கள்: ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் அபினை இங்கிலாந்தின் ஆட்சி கிழக்கே விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கதையிலோ கிழக்கு வந்து இங்கிலாந்தைக் கெடுக்கிறது. பெட்டியின் முத்திரை எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை.

அந்தப் பெட்டியை மறுபக்கத்திலிருந்து திறந்தவர்களில் முக்கியமானவர் அமிதவ் கோஷ். 2008, 2011, 2015 ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று நாவல் வரிசை, இருட்டறையில் தொடங்காமல் காசிப்பூரை அடுத்த ஒரு வயலில் தொடங்குகிறது. கணவன் அபின் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் உழவர் வீட்டுப் பெண்ணின் கண்ணில். வரலாற்று நூலுக்கு அந்தப் பெண் கிடைக்கமாட்டாள், ஏனென்றால் கம்பெனியின் பேரேட்டில் இருப்பது அவள் கணவனின் பெயரும் பாலின் எடையும்தான். நாவலாசிரியர் செய்யக்கூடிய வேலை இதுவே என்று நினைக்கிறேன்: "நான் இல்லை" என்று ஒவ்வொருவராக விலகிக்கொண்ட அந்த வரிசையில் உழவரையும் வணிகரையும் சிப்பாயையும் கூலியையும் ஒரே கப்பலில் ஏற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைப்பது. இந்தத் தலைப்புக்குப் புதிதாக வருகிறவர் போர்த் தேதிகளை மனப்பாடம் செய்வதற்கு முன் அங்கிருந்து தொடங்கலாம்.

சீனாவுக்கான ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்க 1907இல் ஒப்பந்தம் ஆனது, 1913இல் நின்றது. பாட்னா தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். காசிப்பூர் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது, மருந்துக்காக. அது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையின் கீழ் வருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற உழவர்கள் இன்னும் காயைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். பாலை அரசுக்கு மட்டுமே, அரசு சொல்லும் விலைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். காய்ந்த காயை உடைத்து எடுக்கும் விதையைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். மளிகைக் கடையில் நூறு கிராம் பொட்டலமாக நாம் வாங்குகிற கசகசாவில் ஒரு பங்கு அந்த வயல்களிலிருந்து வருவது.